பத்து ஐட்டம் எஸ்டிமேட்: எதை இப்போதே மாற்றுவது, எது காத்திருக்கும்?

கேள்வியைப் பார்க்காமல் நேராக இங்கே வருபவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 1,20,000 கி.மீ. ஓடியது, ஊர் நாமக்கல். ஆடி 18க்குக் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறி அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேள்வி கேட்டவர் செக்கப்புக்கு விட்டிருக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் பத்து ஐட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: டேப்பெட் கவர் (என்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கில் ஆயில் கசிவு, கிராங்க் (என்ஜினின் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீலில் ஈரம், வாட்டர் பம்ப்பில் கசிவு, முன் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய், லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ் வெடிப்பு, இடது டிரைவ் ஷாஃப்ட் பூட் கிழிசல், முன் பிரேக் பேட் தேய்மானம், பின் வீல் சிலிண்டரில் ஈரம், என்ஜின் மவுண்டிங் தளர்வு, கிளட்ச் தேய்மானம். மொத்தம் 60,000 ரூபாய்க்குப் பக்கம். "எல்லாவற்றையும் இப்போதே மாற்ற வேண்டுமா, இல்லை வண்டியையே விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் முடிவு. வீல் சிலிண்டர், பிரேக் பேட், வாட்டர் பம்ப் பக்கத்துக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவு ஆகிய மூன்றையும் முடிக்காமல் மலை ஏறாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் பூட்டையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள், செலவு குறைவு. டேப்பெட் கவர் பேக்கிங் முடிந்தால் இப்போது, இல்லாவிட்டால் அடுத்த ஆயில் சர்வீஸில். ஷாக்கும் லோயர் ஆர்மும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க வேண்டியவை. கிராங்க் சீலும் கிளட்சும் ஒரே வேலை, இப்போதைக்கு விட்டுவிடலாம். மவுண்டிங் கடைசி. வண்டியை விற்க இந்த லிஸ்டில் ஒரு காரணமும் இல்லை.

எஸ்டிமேட் தாளில் பத்து ஐட்டமும் ஒரே எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். உயிர் போகிற விஷயமும் உறுத்தல் தருகிற விஷயமும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் எழுதுவது அவர் கடமை. எழுதாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் அவரைத்தான் கேட்பீர்கள். வரிசைப்படுத்துவதுதான் நம் வேலை. அதற்கு நான் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து மூன்று விஷயம் கேட்டுக்கொள்வேன். இது முழுசாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போகுமா, சொல்லாமல் போகுமா? போகும்போது பக்கத்தில் இருக்கிற எதைக் கூட இழுத்துக்கொண்டு போகும்? இதை மாற்றக் கழற்றும்போது வேறு எது கைக்கு எட்டும்? எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு கசிகிறது என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பிரேக்கில் தொடங்குகிறேன், ஏனென்றால் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுவது என்ஜினுக்குச் சோதனை, இறங்குவது பிரேக்குக்கு.

உங்கள் வண்டியில் பின் சக்கரங்களில் டிரம் பிரேக். டிரம்முக்குள் இருக்கிற வீல் சிலிண்டர்தான் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வாங்கி ஷூவைத் தள்ளுகிறது. "ஈரம்" என்று எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். டிரம்மைக் கழற்றச் சொல்லி, சிலிண்டரின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் மூடியின் விளிம்பை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் வழிந்தால் அதன் சீல் போய்விட்டது. இது படிப்படியாக மோசமாகும் என்று கணக்குப் போட முடியாத பாகம். ஒருநாள் அழுத்தி மிதிக்கும்போது பெடல் கீழே இறங்கிவிடும். கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி சர்க்யூட்டாகப் போவதால் முழு பிரேக்கும் ஒரேயடியாகப் போகாது, பாதி மிஞ்சும். மலை இறக்கத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தப் பாதியை நம்ப முடியாது. சிலிண்டரை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போயிருக்கிறது என்றால் அதே வயதுள்ள மற்றதும் அதிக நாள் தாங்காது. ஷூவில் பிரேக் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடக் கூடாது. அதையும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் ஈரச் சாலையில் வண்டி பக்கவாட்டில் திரும்பும்.

முன் பிரேக் பேட் எத்தனை மி.மீ. மீதி இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். "தேய்ந்துவிட்டது" என்பது அளவு ஆகாது. புதிய பேடில் உராய்வுப் பகுதி பொதுவாக 10 மி.மீ. அளவில் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். 6 மி.மீ. இருக்கிறது என்றால் ஊருக்குள் ஓட்டுபவருக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. 4 மி.மீ. என்றால் நான் மலைக்கு முன்பு மாற்றிவிடுவேன், மெல்லிய பேடில் சூடு சீக்கிரம், பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் போய்ச் சேரும். அளக்கும்போது உள்பக்கப் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். காலிப்பர் நகர உதவுகிற கம்பி (பின்) இறுகிப்போயிருந்தால் வெளிப்பேட் நன்றாக இருக்கும், உள்ளே இருப்பது இரும்புவரை தேய்ந்திருக்கும். சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பேட் மாற்றும்போது அந்தப் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் போட்டால் புதுப் பேட் இரண்டும் சமமாகத் தேயும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். லேத்தில் சீவிக் கொடுத்தால் போதும் என்பார்கள். சீவியபின் அந்த அளவுக்குக் கீழே போகாது என்றால் மட்டும் சம்மதியுங்கள்.

பிரேக் ஆயில் மட்டம் குறைவதைப் பற்றி ஒன்று. கசிவே இல்லாமலும் மட்டம் இறங்கும். பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்ளும். அதனால் மட்டம் மெல்ல இறங்கினால் முதலில் பேடைப் பாருங்கள். பேடைப் பார்க்காமல் டாப்-அப் செய்துவிட்டால், கிடைத்த எச்சரிக்கையை நாமே அழித்ததாகிவிடும். திடீரென்று இறங்கினால் அது கசிவு, வண்டியை எடுக்கவே கூடாது.

அந்த ஆயிலுக்கும் ஆயுள் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை அதற்கு. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது காலிப்பர் பக்கம் சூடு ஏறி, உள்ளே ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதிது நிரப்புவது பொதுவான கணக்கு. உங்கள் லிஸ்டில் இது இல்லவே இல்லை. வீல் சிலிண்டர் மாற்றினால் எப்படியும் காற்று எடுக்க வேண்டும், அப்போது முழு ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். கூடவே நான்கு சக்கரத்துக்கும் போகிற ரப்பர் பிரேக் ஹோஸை மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்பு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பத்து வருஷ வெயில் பட்ட ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு செல்லாது.

அடுத்தது கூலன்ட். என்னைக் கேட்டால், கார் என்ஜின்களை அதிகம் அழிப்பது ஆயில் கசிவு இல்லை, அலட்சியப்படுத்திய கூலன்ட் கசிவுதான். உங்கள் ஸ்விஃப்டின் கே சீரிஸ் என்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட் வளைந்து, அதற்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற கேஸ்கெட் போகும். வாட்டர் பம்ப் மாற்றும் செலவு சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஹெட்டை இறக்கும் வேலை இந்த எஸ்டிமேட் முழுவதையும் தாண்டிப் போகக்கூடியது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கூலன்ட் மொத்தமாக வெளியேறிவிட்டால் சூட்டை அளக்கும் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. அது சரியான சூட்டைக் காட்டாது. எச்சரிக்கை விளக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் விளக்கு வராமலேயே என்ஜின் போகலாம்.

அதற்காகக் கறையைப் பார்த்ததும் பம்ப்பை மாற்றிவிடவும் தேவையில்லை. வாட்டர் பம்ப்பில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள், உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே தெரியட்டும் என்பதற்காகவே. அதைச் சுற்றி லேசான காய்ந்த கறை இருப்பது சகஜம். ஈரமாக இருந்தால், சொட்டினால், பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பம்ப் முடிந்தது. சந்தேகமாக இருந்தால் கைப்பம்ப் வைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்துக் கால் மணி நேரம் விட்டால் முள் இறங்குகிறதா, எங்கே ஈரம் வருகிறது என்று தெரிந்துவிடும். பல சமயம் குற்றவாளி பம்ப்பாக இருக்காது, பக்கத்து ஹோஸின் கிளிப்பாக இருக்கும், இல்லையென்றால் ரேடியேட்டர் மூடியின் ரப்பராக இருக்கும். நூறு ரூபாய் வேலைக்கும் பம்ப் வேலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த டெஸ்டில் தெரியும்.

எங்குமே ஈரம் இல்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது என்றால் கவலைப்பட வேண்டும். ரிசர்வாயரில் குமிழ் வருகிறதா, சைலன்சரில் என்ஜின் சூடான பிறகும் வெண்புகை வருகிறதா, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருக்கிறதா என்று பாருங்கள். முன் இருக்கையில் கால் வைக்கிற விரிப்பு நனைந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் ரேடியேட்டர் கசிகிறது.

பம்ப் மாற்றுவதாக முடிவானால் மூன்றாவது கேள்விக்கு வாருங்கள். பெல்ட் எப்படியும் கழன்றிருக்கும். அது பழசாக இருந்தால் புதிது போட லேபர் தனியாக ஆகாது. உங்கள் வண்டியில் அந்த பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், கூடவே என்ஜினும் சூடேறும். நிரப்பும்போது கம்பெனி சொன்ன கூலன்ட். கலக்க வேண்டிய வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய் அடைக்கும். கசிவை அடைக்கும் பவுடர், திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

இப்போது ஆயில் கசிவு. பலரையும் அதிகம் பயமுறுத்துவது இதுதான், ஆனால் அவசரம் குறைவு. பார்க்க வேண்டியது கசிவை விட மட்டத்தை. உங்கள் என்ஜினில் மொத்த ஆயிலே 3 லிட்டரை ஒட்டித்தான். டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பல கார்களில் ஒரு லிட்டரை நெருங்கும். ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இந்த என்ஜினில் வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் காப்பது ஆயில். வாரம் ஒருமுறை காலையில் சமதளத்தில் நிறுத்தி மட்டம் பாருங்கள். 1,000 கி.மீ.க்கு மட்டம் கண்ணுக்குத் தெரிந்து இறங்கவில்லை என்றால் அந்தக் கசிவோடு பல மாதம் ஓட்டலாம்.

செயின் இல்லாமல் பெல்ட் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பழைய மாருதி 800, ஆல்ட்டோ 800, ரெனோ டஸ்டர் டீசல் மாதிரி வண்டிகளில் டைமிங் பெல்ட் சொல்லாமல் அறுகிற ஜாதி. பல என்ஜின்களில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கையேட்டில் எழுதிய கிலோமீட்டரோ வருஷமோ எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று தள்ளிப்போடவே கூடாது.

உங்கள் எஸ்டிமேட்டில் எனக்குச் சந்தேகம் தருவது ஒன்று உண்டு. டேப்பெட் கவர் பேக்கிங்கும் கசிகிறது, கிராங்க் பின்பக்க சீலும் கசிகிறது என்று இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். ஆயில் மேலிருந்து கீழே வழியும், ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். டேப்பெட் கவரின் ஓரத்தில் வழிந்தது என்ஜினைத் தழுவி இறங்கி, என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து தேங்கும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது கிராங்க் சீல் கசிவாகவே தெரியும். சில நூறு ரூபாய் பேக்கிங் தவறு செய்ய, கியர் பாக்ஸை இறக்கி ஒரு நாள் லேபர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே மேலே ஈரம் தொடங்குகிறதோ அதுதான் ஊற்று, கீழே தெரிவதெல்லாம் அதன் வழி. அதனால் முதலில் டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்றுங்கள். என்ஜினைச் சுற்றிலும் டீக்ரீசர் போட்டுத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். 300 கி.மீ. ஓட்டிவிட்டுத் திரும்ப அடியில் பாருங்கள். ராத்திரி வண்டிக்கடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால் எந்த இடத்துக்கு நேர் கீழே சொட்டுகிறது என்பதும் தெரியும். இந்தச் சோதனை முடியாமல் கிராங்க் சீலுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

டேப்பெட் கவரை இப்போதே செய்யலாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிகளின் சீலும் அந்தக் கவரோடு சேர்ந்தது. அது போனால் பிளக் குழியில் ஆயில் தேங்கி, இக்னிஷன் காயில் கெட்டு, என்ஜின் உதறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உடனே தெரியும். அப்புறம், ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) சொட்டினால் கருகல் வாடை வரும். அந்த வாடை வந்தால் காத்திருக்கக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து அது.

சீல் எதையும் மாற்றுவதற்கு முன் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினுக்குள் உண்டாகும் ஆவியை வெளியேற்றும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நன்றாக இருக்கிற சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். அதைக் கவனிக்காமல் புதுப் பேக்கிங் போட்டால் சில மாதத்தில் அதே இடம் மறுபடி ஈரமாகும். சர்வீஸ் முடிந்த கையோடு தொடங்கிய கசிவு என்றால் வேறு எங்கும் தேடாமல் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஆயில் ஃபில்டரையும் பாருங்கள்.

அட்டையில் விழுந்தது எது என்று தெரியாமல் பயப்படுபவர்களும் உண்டு. கறுப்போ பழுப்போ என்றால் என்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயில், வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே, ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏசி போட்டு வந்தபின் முன்பக்கம் நிறமில்லாத தண்ணீர் சொட்டுவது வெறும் தண்ணீர்தான்.

கிளட்சும் கிராங்க் சீலும். இரண்டுக்கும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், செலவில் பெரும்பங்கு அந்த லேபர்தான். அதனால் ஒன்றுக்காக இறக்கும்போது மற்றதையும் முடித்துவிடுவது லாபம். கிளட்ச் உண்மையில் தேய்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காலியான நேர் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டி மெல்ல மெல்ல வேகம் எடுத்தால் பிளேட்டில் இன்னும் பிடிப்பு இருக்கிறது. பெடல் கொஞ்சம் மேலே வந்து பிடிக்கிறது என்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது. வழுக்கத் தொடங்கியதும் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க சீல் நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஆனால் இந்த டெஸ்டில் இப்போதே வழுக்கினால் மலைப் பயணத்தை ஒத்திப் போடுங்கள், குடும்பத்தோடு ஏற்றத்தில் அது முழுசாக எரிந்துவிடும்.

டிரைவ் ஷாஃப்ட் பூட் என்பது ஆக்சில் ஜாயிண்ட்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் உறை. கிழிந்ததும் உள்ளிருக்கும் கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறிக்கும், மணலும் தண்ணீரும் உள்ளே போகும். இந்த நேரத்தில் பிடித்தால் பூட், கிரீஸ், கிளிப் மட்டும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று சத்தம் வரத் தொடங்கிவிட்டால் ஜாயிண்ட்டே போய்விட்டது, செலவு பல மடங்கு. சின்ன ரப்பர்தான், ஆனால் தள்ளிப்போட்டால் நஷ்டம் பெரிது.

முன் ஷாக்குகளில் உடலின் மேல்பகுதியில் புகைபோல லேசாக எண்ணெய் படிந்து தூசி ஒட்டியிருப்பது வயதான ஷாக்கில் இயல்பு, அதற்காக மாற்றத் தேவையில்லை. எண்ணெய் வழிந்து உடல் முழுவதும் நனைந்து, கீழே சொட்டும் நிலையில் இருந்தால் மாற்ற வேண்டும். பானெட்டின் மூலையை அழுத்தி விட்டால் வண்டி ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் வேலை செய்யவில்லை. டயரில் அலை அலையாகத் தேய்மானம் இருந்தாலும் அதுதான் அடையாளம். மாற்றினால் முன் இரண்டும் சேர்த்து. டயரைப் பற்றிப் பேசும்போதே சொல்கிறேன்: பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. ஆடி மாதத்து மலைச் சாரலில் நான் 3 மி.மீ.க்குக் குறைவான டயரோடு போக மாட்டேன்.

லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருப்பது மெதுவாகப் போகும் வகை. குழியில் டொக் என்று தட்டும், டயரின் ஓரம் தேயும், பல வாரம் முன்பே சொல்லும். ஆனால் அதன் முனையில் இருக்கிற பால் ஜாயிண்ட் அப்படிப்பட்டதில்லை, கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். லிஸ்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கட்டாயம் கேளுங்கள். லிஃப்டில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் தெரிகிற ஆட்டம் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். இந்த மூன்றில் எது ஆடினாலும் மலை கிடையாது. எதுவும் ஆடவில்லை என்றால் புஷ்ஷை அடுத்த மாதம் செய்யலாம். நாமக்கல் லாரித் தொழில் ஊர், லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. பால் ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால் புஷ்ஷை மட்டும் பிரஸ் செய்து போட்டுத் தருவார்கள், முழு ஆர்ம் வாங்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் செய்தாக வேண்டும். ஷாக்கும் புஷ்ஷும் இரண்டுமே மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் செய்தால் அலைன்மெண்ட் செலவு ஒருமுறைதான்.

என்ஜின் மவுண்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கில் நடுக்கம் பொறுக்க முடியாமல் ஆகும்போது மாற்றுங்கள். ரப்பர் முழுசாக அறுந்து என்ஜின் சாய்ந்திருந்தால் மட்டும் உடனே.

பாகம் வாங்கும்போது பிரேக், சீல், பேக்கிங், வாட்டர் பம்ப் இவற்றில் மலிவு பார்க்காதீர்கள். கம்பெனி ஒரிஜினல் கிடைக்காவிட்டால் கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து தரும் தயாரிப்பாளர்களின் சரக்கு நம்பத் தகுந்தது; நம் சென்னையிலேயே பிரேக்ஸ் இந்தியா, ரானே மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரிஜினல் போலவே பெட்டி போட்ட டூப்ளிகேட்டில்தான் கவனம் வேண்டும், பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், அவரே எடுத்து வைத்திருப்பார்.

விற்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும். உங்களுக்கு 2029 வரை அந்தக் கவலை இல்லை, அதற்குப் பிறகும் தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்கலாம். இந்த வண்டியை விற்று அதே விலைக்கு இன்னொரு பழைய வண்டி வாங்கினால் அதிலும் இதே போல ஒரு லிஸ்ட் இருக்கும், ஆனால் அது உங்கள் கையில் இருக்காது. சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, என்ஜின் நீலப் புகை விட்டு 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தாலோ, ஏற்கெனவே சூடேறி ஹெட் வேலை பார்த்தும் மறுபடி சூடேறினாலோ விற்பதைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் லிஸ்டில் இருப்பவை 1,20,000 கி.மீ. ஓடிய எந்தக் காரிலும் வருகிற ரப்பரும் உராய்வுப் பாகங்களும்தான்.

பிரேக் வேலையும் கூலன்ட் வேலையும் பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு, ஊருக்குள் ஓட்டிப் பழகுங்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்திப் பிடிக்கக் கொஞ்சம் ஓட்டம் தேவை. மலையில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். திரும்பி வந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட், ஆயில், பிரேக் ஆயில் மூன்று மட்டத்தையும் பாருங்கள். பேக்கிங் மாற்றித் துடைத்த பிறகும் அட்டையில் கியர் பாக்ஸ் முனைக்குக் கீழே சொட்டு விழுந்திருந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், கிராங்க் சீலைப் பற்றி அப்போது பேசலாம்.